டை யாருக்குச் சொந்தம்? ஆகுர்டியின் ஓவிய மாணவர்கள் விலை சொல்லக் கற்பது பற்றி

புனேயிலிருந்து லோணாவளா போகும் லோக்கல் ரயிலில் பிம்ப்ரி, சிஞ்ச்வட் நிலையங்களைத் தாண்டினால் ஆகுர்டி. பஜாஜ் ஆட்டோவின் பதிவு அலுவலகம் இருக்கும் ஊர். பெரிய வாகனத் தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் லேத் பட்டறைகளும் பிரஸ் ஷாப்களும் இந்தப் பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதி முழுக்கப் பரவியிருக்கின்றன. டாக்டர் டி. ஒய். பாட்டீல் பயன்பாட்டுக் கலை, கைவினைக் கல்லூரியும் இதே ஆகுர்டியில்தான் இருக்கிறது. இத்தகைய கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களுக்குப் பட்டம் கைக்கு வரும் முன்பே வெளி வேலைகள் வரத் தொடங்கிவிடும். பிறந்தநாள் உருவப்படம், கல்யாணப் பத்திரிகை, கணபதி மண்டலுக்குப் பின்திரை, தேநீர்க் கடைச் சுவர், தின்பண்டப் பாக்கெட்டில் சிரிக்கும் ஒரு பாத்திரம் என்று அவை பலவகை.

இந்த இரு உலகங்களும் விலை சொல்லும் முறையில் பெரிய வேறுபாடு உண்டு. ஜாப் ஒர்க் செய்யும் பிரஸ் ஷாப்காரர் கொட்டேஷன் கொடுக்கும்போது மூலப்பொருள், எந்திர நேரம், ஆள்கூலி, லாபம் என்று வரி வரியாகப் பிரிக்கிறார். டை, அதாவது தகட்டை வெட்டி வடிவம் கொடுக்கும் அச்சு, தனி வரி. வாடிக்கையாளர் அதற்குத் தனியாகப் பணம் கட்டினால் டை அவருடையது. பட்டறையின் அலமாரியில் கிடந்தாலும் அதைக் கொண்டு வேறொருவருக்குப் பாகம் அடித்துத் தரக் கூடாது. டைக்குப் பணம் கட்டாதவர் பாகத்தை மட்டுமே வாங்கிப் போகிறார். ஓவிய மாணவர் சொல்லும் விலையோ பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் போகும் ஒரே எண்: 1,500 ரூபாய். அந்தத் தொகைக்குள் அடங்குவது காகிதத்தில் உள்ள படமா, கோப்பா, அதை ஆயிரம் முறை அச்சிடும் உரிமையா, எத்தனை ஆண்டுக்கு என்பதெல்லாம் இரு தரப்புக்கும் தெரியாது. பாகத்தின் விலையில் டையும் சேர்ந்து போய்விடுகிறது.

மாணவர்கள் குறைவாகக் கேட்கிறார்கள் என்பது எல்லாரும் சொல்லும் குறை. அதற்கு முந்தைய குறை, என்ன விற்கிறோம் என்பதைப் பிரித்துப் பார்க்காமல் விற்பது. இதைச் சரிசெய்யாமல் எண்ணை மட்டும் கூட்டினால் சிக்கல் அப்படியே இருக்கும்.

மளவ்லி தந்த பாடம்

இதே ரயில் பாதையில், லோணாவளாவுக்கு ஒரு நிலையம் முன்னால், மளவ்லி இருக்கிறது. இந்தியாவில் ஓவியத்தின் பொருளாதாரத்தை மாற்றிய அச்சகம் ஒன்று இங்கே இயங்கியது. 1894இல் பம்பாயில் தொடங்கப்பட்ட ரவிவர்மாவின் கல்லச்சகம் சில ஆண்டுகளில் மளவ்லிக்கு இடம்பெயர்ந்தது. அதற்கு விதை போட்டவர்களில் ஒருவர் கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ். திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த அவர், ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணப் படிகளாக அச்சிட்டால் பலருக்கும் போய்ச் சேரும் என்று ரவிவர்மாவுக்கு எழுதினார்.

அதுவரை ரவிவர்மாவின் வருமானம் அரண்மனைகள் கேட்டு வரைந்த படங்களிலிருந்து வந்தது. பரோடா மன்னருக்கு அவர் வரைந்த 14 புராணப் படங்கள் போல, ஒரு படத்துக்கு ஒரு வாடிக்கையாளர், ஒரு விலை. அச்சகம் வந்ததும் ஒரே படம் இரண்டு பொருள்களாகப் பிரிந்தது. ஒன்று சுவரில் மாட்டும் மூலம். மற்றொன்று கல்லில் ஏற்றி ஆயிரக்கணக்கில் எடுக்கும் படி. ஆனால் அச்சகத் தொழில் கடனில் சிக்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சகம் அங்கேயே பணியாற்றிய ஜெர்மன் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரின் கைக்குப் போனது; படங்களை அச்சிடும் உரிமையும் உடன் போனது. ரவிவர்மா 1906இல் காலமானார். அதன் பிறகும் லட்சுமியும் சரஸ்வதியும் அங்கிருந்து அச்சாகிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் காலத்தின் மிகப் புகழ்பெற்ற ஓவியருக்கே கையிலிருந்த உண்மையான சொத்து, மறுபடி அச்சிடும் உரிமைதான். அது போனபோது வருங்கால வருமானமும் போனது.

தமிழ்நாட்டிலும் இதே கதை வேறு வடிவில் நடந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி நாள்காட்டிகள் வழியே வீடுவீடாகப் போயின. படத்தை ஒரே தொகைக்கு மொத்தமாக வாங்கிக்கொள்வதே அந்தத் தொழிலில் வழக்கமாக இருந்தது. அச்சிடும் எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும் ஓவியரின் தொகை மாறவில்லை.

மாறாக, மராத்தி ஓவியர் தீனாநாத் தலால் 1945இல் ‘தீபாவளி’ என்ற ஆண்டிதழைத் தாமே தொடங்கினார். மராத்தியில் தீபாவளி மலர் மரபு 1909இல் ‘மனோரஞ்சன்’ இதழோடு பிறந்தது. இன்றும் புனேயின் இளம் ஓவியர்களுக்கு அட்டைப்படமும் கோட்டோவியமும் வரைய வாய்ப்புத் தரும் பருவம் அது. அந்த மரபுக்குள் தலால் வரைபவராகவும் வெளியிடுபவராகவும் இருந்ததால், தன் படம் எங்கே, எப்படிப் பயன்பட வேண்டும் என்ற முடிவு அவர் கையிலேயே இருந்தது. எல்லா ஓவியரும் இதழ் நடத்த முடியாது. ஆனால் பயன்பாட்டைத் தனியாகப் பேசுவது எல்லாருக்கும் முடியும்.

அடிவிலை: நேரத்தின் கணக்கு

முதலில் கூலிப் பகுதி. பட்டறையில் எந்திர நேர விலை என்று ஒன்று உண்டு. எந்திரத்தின் தேய்மானம், மின்சாரம், வாடகை எல்லாவற்றையும் கூட்டி, அது உண்மையில் ஓடும் மணிகளால் வகுப்பார்கள். மாணவரும் இதைச் செய்யலாம். ஓர் எடுத்துக்காட்டு: அறை, சாப்பாடு, பயணம் மாதம் 12,000 ரூபாய். வண்ணம், காகிதம், இணையம் 2,000. கணினிக்கும் வரைபலகைக்கும் சேர்த்து 54,000 ரூபாய் செலவழித்து மூன்றாண்டு பயன்படுத்தினால் மாதத்துக்கு 1,500. மொத்தம் 15,500.

வகுப்பு நேரம் போக மாதம் 100 மணி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15,500ஐ 100ஆல் வகுத்து 155 ரூபாய் என்று சொல்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அந்த 100 மணியில் வாடிக்கையாளருடன் பேசுவது, ரெஃபரன்ஸ் தேடுவது, பணம் கேட்டு நினைவூட்டுவது, பயிற்சிக்காக வரைவது எல்லாம் அடங்கும். யாருடைய பில்லிலும் ஏற்ற முடியாத நேரம் அது. பாதி நேரம் அப்படிப் போனால் விற்கக்கூடியது 50 மணி. மணிக்கு 310 ரூபாய். ஒன்பது மணி நேரம் எடுக்கும் உருவப்படத்தின் அடிவிலை 1,395 ஆகாது, 2,790 ஆகும். இது லாபம் சேர்க்காத எண். இதற்குக் கீழே போனால் மாணவர் கைக்காசு போட்டு வரைகிறார் என்று பொருள்.

‘என் செலவை அப்பா அம்மா பார்த்துக்கொள்கிறார்கள், அதனால் குறைத்துக் கேட்கலாம்’ என்பது அடிக்கடி சொல்லப்படும் சமாதானம். அப்படியானால் வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கொடுப்பது அந்தப் பெற்றோர்தான். தெரிந்து கொடுத்தால் தவறில்லை. தெரியாமல் கொடுத்தால், வீட்டிலிருந்து வரும் பணம் நிற்கும் நாளில் அந்த விலையை உயர்த்த முடியாமல் போகும். கற்றுக்கொள்பவர் மெதுவாக வரைவார் என்பது வேறு விஷயம். முதலாண்டு மாணவருக்கு 15 மணி எடுக்கும் படம் மூன்றாமாண்டில் ஒன்பது மணியில் முடியும். கூடுதலான ஆறு மணி பயிற்சிக்கானது, அதை வாடிக்கையாளர் தலையில் கட்ட முடியாது. அதே நியாயப்படி, கை வேகமான பின் விலையைக் குறைக்கவும் தேவையில்லை. நேரக் கணக்கு அடிவிலையைக் கண்டுபிடிக்கத்தான் உதவும்.

சட்டம் யார் பக்கம்?

அடிவிலைக்கு மேல் நிற்பது உரிமை. இங்கே சட்டத்தை அறியாதவருக்கு இழப்பு அதிகம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படைத்தவரே முதல் உரிமையாளர் என்பது பொது விதி. 17ஆம் பிரிவு அதற்குச் சில விலக்குகளை வைத்திருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணத்துக்காக வரையப்பட்ட வண்ண ஓவியம் அல்லது உருவப்படம், எடுக்கப்பட்ட புகைப்படம், செதுக்கிய அச்சுப்படம் ஆகியவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். மாணவர்களுக்கு அதிகம் கிடைக்கும் வேலை உருவப்படம். அதிலேயே சட்டம் அமைதியாக வாடிக்கையாளர் பக்கம் சாய்கிறது. ‘வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்ற நிபந்தனைதான் மாணவருக்குத் திறந்திருக்கும் கதவு.

கோட்டோவியம் இதில் வருமா? இதே சட்டத்தின் வரையறைப் பிரிவு வண்ண ஓவியத்தையும் கோட்டு வரைபடத்தையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. விலக்குப் பிரிவில் கோட்டு வரைபடம் இல்லை. ஆகவே புத்தகத்துக்கு வரையும் கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் வண்ணம் தீட்டிய படத்துக்கும் உரிமை வேறுபடும் என்று வாதிட இடமிருக்கிறது. வாதத்துக்கு இடமுள்ள எதையும் நீதிமன்றம் வரை கொண்டு போகும் வசதி மாணவருக்கு இல்லை. முன்பே இரண்டு வரி எழுதிவிடுவது மலிவு.

எழுதும்போது 19ஆம் பிரிவு துணை நிற்கிறது. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படம், எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்று சொல்ல வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தால் தவிர, அந்த உரிமை மாற்றம் காலாவதியாகும். விலைப்பட்டியலில் என்னென்ன வரிகள் இருக்க வேண்டும் என்பதை இந்தப் பிரிவே சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

முதல் உரிமையாளராக இருப்பதால் இன்னொரு பயனும் உண்டு. மூல ஓவியம் பிற்காலத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அதில் ஒரு பங்கு கேட்கும் உரிமையை 53ஏ பிரிவு ஓவியருக்குத் தருகிறது. அந்தப் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டாது. ஆனால் அவர் 17ஆம் பிரிவின்படி முதல் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும். உருவப்படத்தை எதுவும் எழுதாமல் வரைந்து கொடுத்தவர் இதையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்.

எவ்வளவு விற்றாலும் விற்க முடியாதது ஒன்று உண்டு. படைப்பில் தன் பெயரைக் கோரும் உரிமையும், அதைச் சிதைத்துத் தன் நற்பெயரைக் கெடுப்பதைத் தடுக்கும் உரிமையும் 57ஆம் பிரிவின்படி படைத்தவரிடமே தங்கும். சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்குச் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அரசு பிய்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சியதை அவரிடம் திருப்பித் தரவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. சிற்பத்துக்குப் பணம் கொடுத்து வாங்கியது அரசு என்பது வழக்கை மாற்றவில்லை.

ஒரே படம், மூன்று விலை

இனி, அதே ஒன்பது மணிப் படத்தை எடுத்துக்கொள்வோம். நண்பரின் பாட்டிக்குச் சட்டமிட்டுக் கொடுக்க ஒரு படி; ஆகுர்டிக்குப் பக்கத்து நிகடியில் ஒரு பேக்கரியின் மெனு அட்டை; மகாராஷ்டிரம் முழுக்க விற்கும் தின்பண்டத்தின் பாக்கெட்டில் மூன்றாண்டுப் பயன்பாடு. மூன்றிலும் கூலி 2,790தான். இரண்டாவதில் ஒரு கடை, ஓர் ஆண்டு என்ற அளவில் பயன்பாட்டுத் தொகை சேரும். மூன்றாவதில் அந்தப் படம் பொருளை விற்கும் வேலையைச் செய்கிறது; பயன்பாட்டுத் தொகை கூலியைப் போலப் பல மடங்காக இருப்பது இயல்பு. எத்தனை மடங்கு என்பதைப் பேரம் தீர்மானிக்கும். ஆனால் அது தனி வரியாக எழுதப்பட்டிருந்தால்தான் பேரமே நடக்க முடியும். ‘அவ்வளவு முடியாது’ என்று வாடிக்கையாளர் சொன்னால் மூன்றாண்டை ஓராண்டாக, மாநிலத்தை ஒரு மாவட்டமாகக் குறைக்கலாம். கூலியில் கை வைக்க வேண்டியதில்லை.

டிஜிட்டல் வேலையில் டைக்கு நிகரானது அடுக்குகள் தனித்தனியே இருக்கும் மூலக் கோப்பு. முடித்த படத்தை ஜேபெக் கோப்பாகக் கொடுத்தால் வாங்கியவர் அதை அப்படியே பயன்படுத்தலாம். அடுக்குகளோடு மூலக் கோப்பையும் கொடுத்தால் பாத்திரத்தின் கையைத் தூக்கலாம், சட்டையின் நிறத்தை மாற்றலாம், புதுப் படங்களே உண்டாக்கலாம். ‘சும்மா அந்த ஃபைலையும் அனுப்பிடுங்க’ என்று கேட்பவருக்குத் தனி விலை சொல்வதில் கூச்சம் வேண்டாம். டைக்குத் தனிப் பணம் கேட்ட பட்டறைக்காரரை யாரும் பேராசைக்காரர் என்று சொல்வதில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிக்குப் பயிற்சி கொடுக்க அந்தப் படத்தைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பதும் இப்போது இதே வரியில் எழுத வேண்டிய விஷயம்.

பதிப்பகங்களும் ஒரே மாதிரி இல்லை. பெங்களூருவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் குழந்தைக் கதைகள் திறந்த உரிமத்தில் வெளியாகின்றன. பெயரைக் குறிப்பிட்டு யாரும், வணிகத்துக்கும்கூட, பயன்படுத்தலாம். குழந்தைகளுக்கு இது பெரும் கொடை. அங்கே வரையும் ஓவியர், இந்தப் படத்திலிருந்து பின்னால் உரிமத் தொகை வராது என்று அறிந்தே தொகையை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னையின் தாரா புக்ஸ் வேறு வழியில் போனது. 2006இல் வந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலில் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி ஆகிய கோண்டு ஓவியர்களே நூலாசிரியர்களாக நிற்கிறார்கள். இரண்டும் நேர்மையான வழிகள்தாம்; விலைக்கான கணக்கு மட்டும் வேறு.

போட்டி என்ற பெயரில் கேட்கப்படும் இலவச வேலையையும் இப்படி எடை போடலாம். ரூபாய்க் குறியீட்டுக்காக நிதி அமைச்சகம் நடத்திய போட்டிக்கு 3,000க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. இறுதிச் சுற்றுக்கு வந்தவை ஐந்து. 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஏற்றது, தமிழ்நாட்டைச் சேர்ந்த, அப்போது மும்பை ஐஐடியில் ஆய்வு செய்துகொண்டிருந்த உதயகுமாரின் வடிவத்தை. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். நாட்டின் நாணயக் குறியீடு வாழ்நாளில் ஒருமுறை வரும் வாய்ப்பு. அதற்காக இலவசமாக வரைவதில் நியாயம் இருந்தது. ஒரு சாதாரணக் கடையின் லோகோவுக்கும் அதே முறையைக் கையாண்டால், வென்ற ஒருவரைத் தவிர எல்லாருடைய மணிகளும் அந்தக் கடைக்கு நன்கொடையாகின்றன.

ஏன் குறைத்தே கேட்கிறார்கள்?

ஆஸ்திரேலியப் பொருளியலாளர் டேவிட் துராஸ்பி 1990களில் முன்வைத்த விளக்கம் ஒன்று உண்டு. மற்றவர்கள் வருமானம் கூடும் வேலைக்கு நேரத்தை மாற்றுவார்கள். கலைஞரோ பிழைப்புக்குப் போதுமான பணம் வந்ததும் மீதி நேரத்தைக் கலைக்கே கொடுப்பார், அதில் கிடைக்கும் கூலி குறைவாக இருந்தாலும். நெதர்லாந்தைச் சேர்ந்த ஓவியரும் பொருளியலாளருமான ஹான்ஸ் ஆபிங் 2002இல் வெளியிட்ட நூலில், கலையைச் சந்தைக்கு அப்பாற்பட்ட கொடையாகப் பார்க்கும் மனநிலையே கலைஞர்களின் வறுமைக்கு ஒரு காரணம் என்றார். வரைவதில் இன்பம் கிடைப்பதால் பணம் கேட்கக் கூசும் மாணவரை இரு விளக்கங்களும் அடையாளம் காட்டுகின்றன.

இன்னொரு காரணம், ஒப்பிட்டுப் பார்க்க விலை இல்லாதது. அமெரிக்காவின் கிராஃபிக் ஆர்ட்டிஸ்ட்ஸ் கில்டு 1970கள் முதல் விலை, தொழில்நெறி பற்றிய கையேடு வெளியிட்டு வருகிறது. இந்திய மாணவர் கையில் எடுக்கும்படி அப்படி ஒரு பொதுக் கையேடு இல்லை. எல்லாரும் கூடி ஒரே ரேட் கார்டு போட்டுவிடலாமே என்றால், போட்டியாளர்கள் சேர்ந்து விலை நிர்ணயிப்பதை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடுக்கிறது. ஆனால் கணக்கிடும் முறையையும் ஒப்பந்த வாசகங்களையும் பகிர்ந்துகொள்ளத் தடையில்லை. பயன்பாட்டுக் கலைப் பாடத்தின் பிறப்பே இதற்கு வழி காட்டுகிறது: 1935இல் பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியில் வணிகக் கலைப் பிரிவு தொடங்கியது விளம்பரத் தொழிலுக்கு ஆள் தயாரிக்கத்தான். சந்தைக்காகவே பிறந்த பாடத்தில் கொட்டேஷன் எழுதுவதும் ஒரு பயிற்சியாக இருப்பது பொருத்தம்.

காகிதத்தில் வர வேண்டியவை

நல்ல கொட்டேஷன் ஒரு பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. படத்தின் அளவு, வண்ணம், கூலி, பயன்பாடு, காலம், இடம், இலவசமாகச் செய்து தரும் திருத்தம் எத்தனை, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, அட்வான்ஸ், ஸ்கெட்ச் நிலையிலேயே வேலை நின்றால் தர வேண்டிய தொகை, மூலக் கோப்பு உண்டா இல்லையா. வாடிக்கையாளர் ‘சரி’ என்று மின்னஞ்சலில் எழுதினால் பேசியதற்குச் சான்று கிடைக்கும். உரிமையை மாற்றித் தருவதானால் கையெழுத்து வேண்டும். 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903இல் பிரிவி கவுன்சில் உறுதிசெய்த பழைய விதி. முதலாண்டில் 17 வயதில் இருப்பவர் பெற்றோர் பெயரில் எழுதிக்கொள்வது நல்லது.

தாமதமாகும் பணத்துக்கும் வழியுண்டு. அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. பதிவு செய்தவருக்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, வாங்கும் நிறுவனம் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, உள்ளூர்ச் சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. ஆகவே ‘ஜிஎஸ்டி பில் இல்லையா, அப்போ குறைச்சுக்கோங்க’ என்பதற்கு மாணவர் இணங்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் ஒரு மாணவர் எழுதத் தொடங்கினால் சில வேலைகள் கைநழுவும் என்பது உண்மை. வேறொருவர் 800 ரூபாய்க்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடுவார். ஆனால் பயன்பாட்டு வரி எழுதிய ஒவ்வொரு கொட்டேஷனும் அதைப் படிக்கும் வாடிக்கையாளருக்கும் ஒரு பாடம். படத்தை வாங்குவது வேறு, அச்சிடும் உரிமையை வாங்குவது வேறு என்று ஒருமுறை புரிந்துகொண்ட பேக்கரிக்காரர், அடுத்த மாணவரிடம் ‘இது எத்தனை வருஷத்துக்கு?’ என்று தாமே கேட்பார். டைக்குத் தனிப் பணம் என்ற வழக்கத்தைப் பட்டறைகளில் வேரூன்றச் செய்தது இப்படித் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட கொட்டேஷன்கள்தான். ஓவியத்தில் அந்த வழக்கம் வர, கல்லூரியில் இருக்கும்போதே எழுதிப் பழகும் சில வகுப்புகள் போதும்.